ரங்க சங்கராவுல ரெண்டு ஷோ: பத்து நிமிஷமும் ரெண்டரை மணி நேரமும்

பெங்களூரு ஜே.பி. நகர்ல இருக்கற ரங்க சங்கரா நாடக அரங்குக்கு புதுசா போறவங்களுக்கு முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், ஏழரைக்கு ஷோன்னா ஏழரைக்கு கதவை சாத்திடுவாங்க, சில்க் போர்டு டிராஃபிக்ல மாட்டிக்கிட்டேன்னு எந்த கதை சொன்னாலும் உள்ள விடமாட்டாங்க. நாடக நடிகை அருந்ததி நாக் 2004ல தொடங்குன இடம், சீட்டு முன்னூறு சொச்சம்தான், பின்வரிசைல உக்காந்தாலும் நடிகர் முகம் தெரியும்.

அடுத்தடுத்த வாரம் ரெண்டு ஷோ பாத்தோம். முதல்ல பத்து பத்து நிமிஷ குறுநாடகங்கள், ஒரே டிக்கெட்டுல வரிசையா. குழு பேரு வேணாம், பாதிக்கு மேல சொதப்பல். சின்ன நாடகம்னா பெரிய நாடகத்தை கத்தரிச்சு குடுக்கறதுன்னு நெனச்சிருக்காங்க, மாமா யாரு, அஞ்சு வருஷம் முன்னாடி சொத்து எப்படி போச்சுன்னு பேசியே நேரம் போயிடுது, கதை சூடு பிடிக்கறப்போ லைட் ஆஃப்! அட, சண்டை நடுவுலயே ஆரம்பிங்கப்பா. ஒருத்தர் சோபா டைனிங் டேபிள்னு செட் போட்டு, இருட்டுல அதை இழுக்கற சத்தத்தைத்தான் ரொம்ப நேரம் கேட்டோம். இத்தனைக்கும் நாடக ஆசிரியர் சாமுவேல் பெக்கெட்டோட 'ப்ரெத்' நாடகம் ஒரு நிமிஷம்கூட ஓடாது, மேடைல ஆளே இல்ல, குப்பையும் மூச்சு சத்தமும் அழுகையும்தான். உருப்படியா இருந்தது ஒண்ணு, ஒரு பெஞ்சு, அண்ணன் தம்பி, ஒரு வீட்டு சாவி. சாவி யார் கைல இருக்கோ அவன் குரல் ஏறுது, மத்தவன் குனியறான், அவ்ளோதான் நாடகம்.

அடுத்த வாரம் ரெண்டரை மணி நேர கன்னட நாடகம். முதல் அரை மணி கொஞ்சம் இழுவைதான், கூட வந்த மச்சான் கொட்டாவி விட்டாரு. ஆனா அந்த இழுவைல கதைல வர்ற ஒரு அம்மா புடவைய ஓரம் ஓரமா சேத்து மடிச்சு வெச்சத பாத்திருந்ததாலதான், இன்டர்வெல்லுக்கு அப்புறம் அதே புடவைய ஒரே மடிப்புல கட்டில்ல போட்டப்போ வசனமே இல்லாம எல்லாம் புரிஞ்சுது, பத்து நிமிஷத்துல இத பண்ண முடியாது, மனுஷன் மாறறத காட்ட நேரம் வேணும். இங்கிலாந்து நாடக இயக்குநர் பீட்டர் புரூக் 1985ல மகாபாரதத்தை ஒன்பது மணி நேரம் போட்டாரு, நம்ம ஊர்ல கூத்து விடிய விடிய நடக்கும், யாரும் நீளம்னு அலுத்துக்கல.

நீள நாடகத்துக்கு போறீங்கன்னா அங்க இருக்கற கஃபேல ஜவ்வரிசி வடைய முன்னாடியே சாப்ட்டுடுங்க, இன்டர்வெல்ல க்யூல நின்னா பெல் அடிச்சிடும்.