டர்போ போய்விட்டது: புதுசா, ரீகண்டிஷனா, கேட்ரிட்ஜ் மட்டுமா?

பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய டீசல் கார். மேட்டில் ஏறும்போது திடீரென்று இழுவை இல்லை. ஆக்சிலரேட்டரை மிதித்தால் சைரன் போல ஒரு ஊளைச் சத்தம், பின்னால் நீலப் புகை. பட்டறைக்குக் கொண்டுபோனால், "டர்போ போயிடுச்சு சார்" என்கிறார்கள். இன்ஜினுக்குக் காற்றை அழுத்தி அனுப்பும் பாகம் அது. அப்போதே முடிவும் கேட்கிறார்கள். புதுசு வாங்குவதா, ரீகண்டிஷன் செய்ததைப் போடுவதா, உள்ளே சுழலும் நடுப்பகுதியான கேட்ரிட்ஜை மட்டும் மாற்றுவதா, மலிவான டூப்ளிகேட் போதுமா, இல்லை வேறொரு காரில் கழற்றிய பழசு ஒன்றைத் தேடுவதா?

ஐந்தையும் பார்த்துவிடலாம். அதற்கு முன் என் காரில் நடந்ததைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எதை வாங்குவது என்ற கேள்வியே அங்கேதான் எனக்கு மாறிப்போனது. முதல் தடவை டர்போ போனபோது நல்ல ரீகண்டிஷன் டர்போதான் போட்டோம். இரண்டு மாதம்கூடத் தாங்கவில்லை, அதே ஊளை, அதே புகை. இரண்டாவது தடவை வேறொரு மெக்கானிக்கிடம் போனேன். அவர் டர்போவைக் கழற்றியதும் அதைப் பார்க்கவே இல்லை. அதற்கு ஆயில் கொண்டுபோகும் ஒல்லிக் குழாயைத்தான் முதலில் எடுத்தார். பென்சில் தடிமன்கூட இல்லாத இரும்புக் குழாய். ஒரு முனையில் காற்றடித்து, மறுமுனையில் என்னை விரல் வைக்கச் சொன்னார். மூச்சுவிடும் அளவுக்குத்தான் காற்று வந்தது. குழாயை இன்ஜினோடு பிடித்திருந்த ஓட்டை போல்ட்டுக்குள் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு சல்லடை. அதன் கண் ஒன்றுகூடத் திறந்திருக்கவில்லை. நகத்தால் சுரண்டினேன், கரி தார் மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது. முதல் தடவை அந்தக் குழாயை யாரும் தொடவே இல்லை.

டர்போவின் ஷாஃப்ட் நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றுவரை சுற்றக்கூடியது. ஒரு பக்கச் சக்கரத்தில் 700 டிகிரிக்கும் மேல் சூடேறிய புகை வந்து மோதுகிறது. மறுபக்கச் சக்கரம் வெளிக்காற்றை இழுத்து அழுத்தி இன்ஜினுக்கு அனுப்புகிறது. நடுவில் இருக்கும் பேரிங்கில் பெரும்பாலும் குண்டு எதுவும் கிடையாது. ஷாஃப்ட் ஆயில் படலத்தின் மேல் மிதந்துகொண்டுதான் சுற்றுகிறது. அந்தப் படலம் சில நொடிகள் அறுந்தாலே பேரிங் தேய்ந்துவிடும். அப்புறம் ஷாஃப்ட் ஆடும், சக்கரத்தின் இதழ்கள் கூட்டில் உரசும். அந்த உரசல்தான் ஊளையாகக் கேட்கிறது.

குழாயில் கரி எப்படி வந்தது? ஆயிலைத் தள்ளித் தள்ளி மாற்றுவது ஒரு காரணம். டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்கு அடியில் இருக்கும் செம்பு வாஷர் கசிவது இன்னொன்று. எரிந்த வாயு அந்த வழியாக மேலே வந்து ஆயிலைக் கெடுத்துக் கரியாக்கும். பெஜோ, சித்ரோயன், ஃபோர்டு கார்களில் வந்த 1.6 லிட்டர் டீசல் இன்ஜின் இந்தத் தொல்லைக்கு உலகம் முழுக்கப் பெயர் வாங்கியது. ஆனால் ஆயிலைக் கவனிக்காத எந்த டீசலிலும் இது வரலாம்.

இன்னொரு சந்தேகத்தையும் தீர்த்துக்கொள்ளுங்கள். போனது உண்மையிலேயே டர்போதானா? இழுவை குறைந்து, ஸ்கேனரில் பி0299 என்று வந்தால், காற்றழுத்தம் வேண்டிய அளவுக்கு ஏறவில்லை என்றுதான் அர்த்தம். அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸில் ஒரு கிழிசல், விரிசல் விட்ட வேக்கம் குழாய், பழுதான சோலனாய்டு வால்வு, எதற்கும் அதே கோடு வரும். இன்ஜின் ஆறியபின் காற்று வரும் பக்கத்து ஹோஸைக் கழற்றி ஷாஃப்டைப் பிடித்துப் பாருங்கள். பக்கவாட்டில் லேசாக ஆடுவது சகஜம், ஆயில் நிறையவேண்டிய இடைவெளி அது. முன்னும் பின்னுமாக நகர்வது கைக்குத் தெரிந்தாலோ, இதழ் நுனிகள் கூட்டில் உரசிய தடம் இருந்தாலோ, டர்போ போனது உறுதி.

சரி, இப்போது வாங்குவதற்கு வருவோம்.

புதிய ஒரிஜினலில் குறை சொல்ல ஒன்றுமில்லை, விலையைத் தவிர. பழைய காரின் மதிப்பில் கணிசமான பங்கை அது விழுங்கிவிடும். ஆனால் பலருக்குத் தெரியாத ஒரு வழி இருக்கிறது. கார் கம்பெனிகள் பெரும்பாலும் டர்போவைத் தாங்களே செய்வதில்லை. கேரட், போர்க்வார்னர், மிட்சுபிஷி, ஐஎச்ஐ போன்றவர்கள் செய்து கொடுக்கிறார்கள். கார் கம்பெனிப் பெட்டியில் வருவதும் டர்போ கம்பெனிப் பெட்டியில் வருவதும் பல மாடல்களில் ஒரே பொருள்தான், இரண்டாவது பெட்டியில் விலை குறைவாக இருக்கும். டர்போவின் மேல் அடித்திருக்கும் சிறு தகட்டில் எண் இருக்கும், அதைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு கேளுங்கள். கார் பெயரையும் வருடத்தையும் மட்டும் சொல்லி வாங்காதீர்கள். ஒரே காரில் இரண்டு விதமான டர்போ வந்திருக்கலாம்.

ரீகண்டிஷன் என்ற ஒரே சொல்லுக்குள் ஏணி வைத்தாலும் எட்டாத அளவுக்கு வித்தியாசமான இரண்டு வேலைகள் ஒளிந்திருக்கின்றன. கேரட், போர்க்வார்னர் போன்ற டர்போ கம்பெனிகளே பழைய டர்போவைத் திரும்ப வாங்கி, முழுக்கப் பிரித்து, தேய்ந்தவற்றைப் புதிதாக்கி, புதியதைச் சோதிக்கிற மாதிரியே சோதித்து விற்பது ஒன்று. உங்கள் பழசைக் கொடுத்தால்தான் அந்த விலை; கொடுக்கும்வரை ஒரு முன்பணத்தைப் பிடித்து வைப்பார்கள். உங்கள் மாடலுக்கு இது கிடைத்தால் வேறெங்கும் அலைய வேண்டாம் என்பது என் கருத்து. பழைய காருக்கு இதுதான் சரியான இடம்.

மற்றது டர்போ பட்டறையில் செய்கிற வேலை. அதில் அருமையாகச் செய்பவர்களும் உண்டு, கழுவிப் பளபளப்பாக்கிக் கொடுப்பவர்களும் உண்டு. வெளிப் பளபளப்பை வைத்து எதையும் தீர்மானிக்காதீர்கள். இரண்டு விஷயம் கேளுங்கள். முதலாவது, சுழலும் பாகத்தை வேகமாகச் சுழலவிட்டு பேலன்ஸ் பார்க்கும் மெஷின் இருக்கிறதா? 2 லட்சம் சுற்றில் குன்றிமணி எடைகூட வேண்டாம், அதில் சிறு துணுக்கு ஏறுமாறாக இருந்தாலே பேரிங்கைத் தின்றுவிடும். இரண்டாவது, உங்களுடையது வேன் எனப்படும் திரும்பும் தகடுகள் வைத்த டர்போ என்றால், வேன்கள் மூடிய நிலையில் எவ்வளவு காற்று விடுகின்றன என்று ஃப்ளோ பெஞ்ச் என்ற காற்றோட்டம் அளக்கும் மெஷினில் அளந்து செட் செய்வார்களா? இரண்டுக்கும் அச்சிட்ட தாளைக் காட்டும் பட்டறை என்றால் தைரியமாகக் கொடுக்கலாம். "முப்பது வருஷ அனுபவம் சார், கையாலேயே தெரியும்" என்று பதில் வந்தால் டர்போவைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். கையால் தெரியக்கூடிய அளவு இல்லை அது.

வேன் என்றால் என்ன என்று ஒரு வார்த்தை. பழைய டர்போக்களில் அழுத்தம் அதிகமானால் புகையைத் திருப்பிவிடும் ஒரு சின்னக் கதவு மட்டும் இருக்கும். பின்னால் வந்த பெரும்பாலான டீசல்களில், புகைப் பக்கச் சக்கரத்தைச் சுற்றி வட்டமாகச் சிறு தகடுகள் நின்று, வேகத்துக்கு ஏற்பத் திரும்பிக்கொண்டே இருக்கும். இன்ஜின் மெதுவாகச் சுற்றும் நேரத்தில்கூட இழுவை கிடைப்பது இவற்றால்தான். கரி படிந்தால் முதலில் இறுகிப்போவதும் இவைதான்.

கேட்ரிட்ஜ் விஷயத்தில் இந்த வித்தியாசம்தான் முடிவு செய்கிறது. கேட்ரிட்ஜ் என்பது ஷாஃப்ட், பேரிங், இரண்டு சக்கரங்கள் சேர்ந்த நடுப்பகுதி. இரு பக்கக் கூடுகளும் பழையவையே இருக்கும். கதவு வைத்த பழைய டர்போவில், கூடுகளில் கீறலோ வெடிப்போ இல்லையென்றால், பேலன்ஸ் செய்த நல்ல கேட்ரிட்ஜ் போட்டு ஓட்டுவது நியாயமான வேலைதான், காசும் மிச்சம். வேன் டர்போவில் அப்படி இல்லை. கேட்ரிட்ஜ் புதிது, ஆனால் பத்து வருடம் கரியில் உழன்ற வேன்கள் பழசு. பிரித்துச் சேர்க்கும்போது வேன் நிற்கும் இடத்தைத் தீர்மானிக்கும் திருகு கொஞ்சம் அசைந்தாலும் வண்டி ஒன்று இழுக்காது, இல்லை அழுத்தம் தாண்டி, இன்ஜினைக் காக்க இழுவையைக் குறைத்துவிடும் லிம்ப் மோடுக்குப் போய்விடும். ஃப்ளோ பெஞ்ச் இல்லாத இடத்தில் வேன் டர்போவுக்குக் கேட்ரிட்ஜ் மாற்ற நான் சம்மதிக்க மாட்டேன்.

மலிவு டூப்ளிகேட் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. புகைப் பக்கச் சக்கரத்தை அந்தச் சூட்டுக்குத் தாங்கும் நிக்கல் கலவையில் செய்ய வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் எந்த உலோகம் என்று யாருக்கும் தெரியாது. வேன் செட்டிங் அச்சாக அப்படியே இருக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை. நான் போட மாட்டேன்.

கழற்றிய பழைய டர்போவும் கிட்டத்தட்ட அதே நிலைமைதான். உங்கள் கார் வயதுள்ள இன்னொரு காரிலிருந்து வருவது, அதற்கு எப்படிப்பட்ட ஆயில் ஊற்றினார்களோ. ஒரே ஒரு சந்தர்ப்பத்தில் அது பொன்னான பொருள்: உங்கள் டர்போவின் கூடு வெடித்துப்போய், ரீகண்டிஷன் செய்ய அடிப்படையே இல்லாதபோது. அப்போது அதை வாங்கி நேரே மாட்டாமல் டர்போ பட்டறைக்குக் கொடுங்கள்.

விலையை ஒப்பிடும்போது கழற்றி மாட்டும் கூலியை மறந்துவிடுகிறோம். இன்ஜின் குறுக்காக உட்கார்ந்திருக்கும் கார்களில் டர்போ பெரும்பாலும் இன்ஜினுக்கும் பின் தடுப்புக்கும் நடுவே, கை நுழையாத இடத்தில் இருக்கிறது. சில கார்களில் அடிச்சட்டத்தையே இறக்க வேண்டியிருக்கும். மலிவானதற்கும் உயர்ந்ததற்கும் அந்தக் கூலி ஒன்றுதான். மலிவானது ஒரு தடவை கைவிட்டால் கூலியை இரண்டு முறை கொடுக்கிறீர்கள், மிச்சம் பிடித்தது அங்கேயே போய்விடும். ஆறு மாதத்தில் காரை விற்றுவிடப் போகிறீர்கள் என்றாலும் பட்டறை ரீகண்டிஷனுக்குக் கீழே இறங்காதீர்கள். வாங்குகிறவரும் நம்மைப் போல ஒருவர்தான்.

மாட்டும் நாளில் கூடவே நில்லுங்கள். ஆயில் குழாய் புதிதாகவே வர வேண்டும். பழைய குழாயைக் கழுவிப் போடுவதை ஒப்புக்கொள்ளாதீர்கள். உள்ளே இறுகிய கரி, சூடேறியதும் உதிர்ந்து நேரே பேரிங்குக்குப் போகும். ஆயில் திரும்பும் குழாயும் திறந்திருக்க வேண்டும், இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் ப்ரீதரும் அடைக்காமல் இருக்க வேண்டும். இறங்க வழியில்லாத ஆயில் சீல் வழியாகப் பீறிடும், நல்ல டர்போவையே ஒழுகுகிறது என்று குற்றம் சொல்வோம். இன்டர்கூலரைக் கழற்றிக் கவிழ்த்துப் பாருங்கள். செத்த டர்போ கக்கிய ஆயில் அதில் தேங்கியிருக்கும். டீசல் இன்ஜின் அந்த ஆயிலையே எரிபொருளாக உறிஞ்சி, சாவியை அணைத்தாலும் நிற்காமல் அலறிக்கொண்டு ஓடக்கூடும். புகை ஃபில்டர் இருக்கும் கார் என்றால் அது அடைத்திருக்கிறதா என்று ஸ்கேனரில் அழுத்தம் பாருங்கள். ஆயில் வரும் வாயில் யாராவது சிலிக்கோன் பசை தடவ வந்தால் தடுத்துவிடுங்கள், பிதுங்கிய ஒரு துளி போதும் வழியை அடைக்க. புது ஆயில், புது ஆயில் ஃபில்டர். டர்போவின் ஆயில் வாய்க்குள் கொஞ்சம் ஆயில் ஊற்றி, சக்கரத்தை விரலால் சுற்றிவிட வேண்டும். அப்புறம் இன்ஜெக்டர் இணைப்பை எடுத்துவிட்டு, ஸ்டார்ட் ஆகாமல் செல்ஃப் மட்டும் விட்டு விட்டு அடித்து, ஆயில் ஏறும்வரை காத்திருக்க வேண்டும். ஸ்டார்ட் செய்ததும் சில நிமிடம் ஐடிலிலேயே ஓடட்டும், முறுக்க வேண்டாம்.

என் காரில் இரண்டாவது தடவை போட்டது கம்பெனி ரீகண்டிஷன். புதுக் குழாய், புதுச் செம்பு வாஷர்கள், கழுவிய இன்டர்கூலர். மூன்று வருடம் ஆகிறது, ஆயில் மாற்றும் இடைவெளியைக் கையேட்டில் சொன்னதில் பாதியாக்கி ஓட்டுகிறேன். பில்லில் குழாய், ஆயில், ஃபில்டர் மூன்றையும் தனித்தனி வரியாக எழுதி வாங்கி வைத்திருக்கிறேன். டர்போவுக்கு வாரண்டி கேட்டுப் போனால் விற்றவர்கள் பல நேரம் முதலில் கேட்பது அந்த மூன்று வரிகளைத்தான்.