கீழ்வழியா, வயிற்றுவழியா? ஆண்களின் சிறுநீர்க் குழாய் அடிபட்டால்

கோலாலம்பூர் செந்தூலில் ஒரு மழை இரவு. லோங்காங் (சாக்கடைக் கால்வாய்) மேல் கிடந்த பலகை முறிந்து, என் மச்சானுக்கு ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. சிமெண்ட் விளிம்பு கவட்டையில் இடித்தது. அரை மணியில் வலி தணிந்துவிட்டது. ஆனால் உள்ளாடையில் ரத்தச் சொட்டு. சிறுநீர் முட்டுகிறது, வரவில்லை. "தண்ணி குடிச்சா வந்துடும்" என்றவரை அக்கா அவசரப் பிரிவுக்கு இழுத்துப் போனார்.

சிறுநீரை வடிக்கும் மெல்லிய குழாயான கத்தீட்டரை உடனே விடுவதா, படம் எடுத்த பிறகா? குறி நுனியில் ரத்தம் தெரிந்தால் படம்தான் முதலில். கண்ணை மூடிக்கொண்டு கத்தீட்டரைத் தள்ளினால் பாதிக் கிழிசல் முழுக் கிழிசலாகிவிடலாம். சற்றுச் சாய்த்துப் படுக்கவைத்து, நுனி வழியே எக்ஸ்ரேயில் தெரியும் மருந்தைச் சுமார் 20 மில்லி மெதுவாகச் செலுத்துவார்கள். மச்சானின் படத்தில் ஓரிடத்தில் திட்டாகக் கசிவு, அதைத் தாண்டிச் சிறுநீர்ப்பை வரை நூல் மாதிரி ஒரு கோடு. அந்த நூல்தான் நல்ல சேதி: முழுதும் அறுந்துவிடவில்லை. கேமராவில் பார்த்தபடி மெல்லிய கம்பி விட்டு, அதன் மேல் கத்தீட்டரை ஏற்றினார்கள்.

மோட்டார் சைக்கிள் விபத்தில் இடுப்பெலும்பு முறிந்து, குழாய் மேல்பக்கமாக அறுந்தால் கதையே வேறு. அங்கே இரண்டு கட்சி. ஒன்று, சில நாட்களுக்குள் உள்நோக்கி (கேமரா பொருத்திய கருவி) வழியே இரு முனைகளையும் நேராக்கிக் கத்தீட்டர் வைப்பது. பலித்தால் பெரிய அறுவை தப்பும். பலிக்காவிட்டால் குழாய் மறுபடி மறுபடி சுருங்க, வருடக்கணக்கில் விரிக்க வேண்டிவரும். இன்னொன்று, சிறுநீர் வெளியே ஒரு பையில் வடிய அடிவயிற்றில் குழாய் வைத்து, சுமார் 3 மாதம் கழித்துத் தழும்பை வெட்டி முனைகளைத் தைப்பது. தேர்ந்த கைகளில் பெரும்பாலும் நிலைக்கும். வயிற்றில் பையோடு 3 மாதம் அலைவது சங்கடம்தான், ஆனாலும் என் ஓட்டு இதற்கே. அப்புறம், ஆண்மைக் குறைவு வந்தால் அதற்குக் காரணம் பெரும்பாலும் விபத்தே, அறுவை அல்ல. வெட்கப்படாமல் கேளுங்கள்.

பின்னாளில் சுருக்கம் வந்தால்? 2 சென்டிமீட்டருக்குள் இருந்தால் ஒருமுறை உள்ளே கீறிப் பார்க்கலாம். மறுபடி சுருங்கினால் கீறிக்கொண்டே இருக்காமல் சீரமைப்பு அறுவைக்குப் போவது மேல். நீளமான சுருக்கத்துக்குக் கன்னத்தின் உட்தோலை எடுத்து ஒட்டுவார்கள்.

மச்சானுக்கு 3 வாரத்தில் கத்தீட்டரை எடுத்தார்கள். ஆறாம் மாதம் "வேகம் குறைஞ்ச மாதிரி இருக்கு" என்று அக்காவிடம் முணுமுணுத்திருக்கிறார். இந்தத் தடவை தண்ணீர் குடித்துப் பார்க்கிறேன் என்று சொல்லவில்லை.