நெஞ்செரிவு: குளிசையா, கமராவா, கத்தியா?

"காஸுக்கு ஏதாவது தாங்கோ." யாழ்ப்பாணத்தில் எந்த மருந்துக்கடையில் கொஞ்ச நேரம் நின்றாலும் இது காதில் விழும். கேட்பவருக்கு இருப்பது நெஞ்செரிவா, புளிச்ச ஏப்பமா, வயிற்றுப் பொருமலா, அல்லது மாரடைப்பின் தொடக்கமா என்று கடையில் நிற்கிறவருக்குத் தெரிய வழியில்லை. ஒரு போத்தல் வெள்ளைப் பாணியோ ஓர் அட்டை ஒமெப்ரசோலோ கைமாறும். அதோடு விஷயம் முடிந்தது என்று வீட்டுக்குப் போய்விடுகிறோம்.

எந்த மருந்து நல்லது, எந்தப் பரிசோதனை தேவை என்று ஒப்பிடுவதற்கு முன் இரண்டு விஷயங்களைப் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். எரிவு ஒரு பிரச்சினை. இரைப்பை அமிலம் மேலே ஏறி உணவுக்குழாயின் உட்தோலைக் கெடுப்பது இன்னொரு பிரச்சினை. இரண்டும் சேர்ந்தே வரும், சேர்ந்தே போகும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இரவு முழுக்க எரிந்து துடிக்கிறவரின் உணவுக்குழாய் கமராவில், அதாவது வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்க்கிற எண்டோஸ்கோபியில், சுத்தமாகத் தெரியலாம். நெஞ்செரிவு உள்ளவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்த வகைதான். மறுபக்கம், எரிவே இல்லை என்று சொல்கிறவரின் உட்தோல் மாறிப்போயிருக்கலாம். அதனால் கீழே வருகிற ஒவ்வொரு வழியிடமும் இரண்டு கேள்விகளைக் கேட்கிறேன்: எரிவை அடக்குமா? தோலைக் காக்குமா?

அதற்கும் முன் இதயம். நெஞ்சை இறுக்கிப் பிடிக்கிற மாதிரி நோவு, வியர்வை, மூச்சு வாங்கல், இடக்கைக்கோ தாடைக்கோ இழுக்கிற வலி இருந்தால் அதற்கு ஓமத் தண்ணி இல்லை, சோடாவும் இல்லை. 1990 அம்புலன்ஸை அழைத்து வைத்தியசாலைக்குப் போய் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும். நீரிழிவு உள்ளவர்களுக்கு மாரடைப்பு வெறும் வயிற்று எரிவு மாதிரியே வருவதும் உண்டு. "காஸ்தான்" என்று வீட்டிலேயே தீர்ப்புச் சொல்லிப் படுக்க வைப்பதுதான் எனக்கு மிகவும் பயமாக இருக்கிற விஷயம்.

மருந்துக்கடைத் தட்டில் இருக்கிற மூன்று

அமிலத்தை முறிக்கிற பாணியும் சப்புகிற குளிசையும் சில நிமிடங்களிலேயே வேலை செய்யும். ஏற்கெனவே சுரந்து கிடக்கிற அமிலத்தை நடுநிலையாக்கும், அவ்வளவுதான். ஒன்று இரண்டு மணித்தியாலத்தில் பலன் போய்விடும். புண்பட்ட தோல் இதனால் ஆறாது. கல்யாண வீட்டுச் சாப்பாட்டுக்குப் பிறகு எப்போதாவது வருகிற எரிவுக்கு இது போதும். நாள் தவறாமல் தேவைப்படுகிறது என்றால் போதாது.

அடுத்தது பமோடிடின், அமிலம் சுரப்பதைக் குறைக்கிற குளிசை. இதே இனத்தைச் சேர்ந்த சிமெடிடின் 1976 இல் வந்தபோது பெரிய புரட்சி. ரனிடிடின் நம் ஊர்ப் பெரியவர்களுக்கு நல்ல பழக்கமான பெயர். என்.டி.எம்.ஏ. என்ற மாசு இருப்பது தெரியவந்ததும் 2020 இல் அமெரிக்கா அதைச் சந்தையிலிருந்து விலக்கச் சொன்னது. வீட்டு மருந்துப் பெட்டியில் பழைய அட்டை கிடந்தால் எறிந்துவிடுங்கள். பமோடிடினுக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் தினமும் போட்டால் ஒன்றிரண்டு கிழமையில் உடம்பு பழகிவிடும், வேகம் குறையும். இரவில் மட்டும் எப்போதாவது எரிகிறவருக்கு நல்லது.

மூன்றாவது ஒமெப்ரசோல் குடும்பம். 1988 இல் விற்பனைக்கு வந்தது. இரைப்பைச் சுவரில் அமிலத்தை வெளித்தள்ளுகிற பம்புகளையே இது பூட்டிவிடும். புண்பட்ட உணவுக்குழாயை ஆற்றுவதில் மற்ற இரண்டும் இதன் கிட்டவும் வரமாட்டா. எட்டுக் கிழமை ஒழுங்காகப் போட்டால் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் ஆறிவிடும். எரிவு, தோல் இரண்டுக்கும் ஆம் என்று பதில் சொல்கிற மருந்து இந்தத் தட்டில் இது ஒன்றுதான்.

ஆனால் நம் வீடுகளில் இதைப் போடுகிற விதம் பெரும்பாலும் பிழை. சாப்பிட்டு முடித்து, எரியத் தொடங்கின பிறகு விழுங்குகிறோம். பம்பு ஓடுகிற நேரத்தில்தான் இந்த மருந்து அதைப் பூட்டும். சாப்பாடுதான் பம்பை ஓடவைக்கிறது. ஆகவே காலைச் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முதல், வெறும் வயிற்றில் போட வேண்டும். அரைத்தோ பொடித்தோ குடிக்கக் கூடாது. வெளிப்பூச்சு உடைந்தால் இரைப்பை அமிலமே மருந்தை அழித்துவிடும். "ஒமெப்ரசோல் எனக்குப் பிடிக்கேல்லை" என்று சொல்கிற பலருக்கு மருந்தில் பிழை இல்லை, நேரத்தில்தான் பிழை.

பக்கவிளைவு பற்றிய பயமும் ஊரில் நிறைய. எலும்பு உக்கும், சிறுநீரகம் போகும் என்று வட்ஸ்அப்பில் வருகிறது. நீண்ட காலம் போடுகிறவர்களில் பி12, மக்னீசியம் குறைவது உண்மை. சிறுநீரக அழற்சி அரிதாக வருவதும் உண்மை. ஆனால் 17,000 க்கு மேற்பட்டவர்களுக்கு ஒமெப்ரசோல் குடும்பத்துப் பான்டோப்ரசோலையும் வெற்றுக் குளிசையையும் பிரித்துக் கொடுத்து ஏறத்தாழ மூன்று ஆண்டு பார்த்து, 2019 இல் வெளியிட்ட ஆய்வில் தெளிவாகக் கூடியது குடல் தொற்று மட்டும்தான். தேவை இருக்கிறவர் பயந்து நிறுத்துவதும், தேவை இல்லாதவர் பத்து ஆண்டு விழுங்குவதும் ஒரே அளவு பிழை. இன்னொன்று: இதயத்துக்கு ஸ்டென்ட் வைத்து, இரத்தம் கட்டியாவதைத் தடுக்கிற குளோபிடோக்ரெல் போடுகிறவர் ஒமெப்ரசோலைத் தானாக வாங்கிப் போடக் கூடாது. அது அந்த மருந்தின் வேலையைக் குறைக்கும். வைத்தியர் பான்டோப்ரசோலுக்கு மாற்றித் தருவார்.

நிறுத்தும்போதும் கவனம் வேண்டும். மாதக்கணக்காகப் போட்டதைத் திடீரென விட்டால் அமிலம் முன்னையதைவிடக் கூடப் பொங்கும். நோய் திரும்பிவிட்டது என்று நினைத்து மீண்டும் தொடங்குவார்கள். மெதுவாகக் குறைத்து, இடையில் வருகிற எரிவுக்குப் பாணி மருந்தைக் குடித்துச் சமாளித்தால் பலருக்கு விட்டுவிட முடியும்.

போட்டுப் பார்ப்பதா, கமரா விட்டுப் பார்ப்பதா

எரிவும் புளிப்பு மேலே வருவதும் மட்டும் இருந்தால், ஆபத்துக் குறி ஒன்றும் இல்லை என்றால், எட்டுக் கிழமை குளிசை போட்டுப் பார்ப்பதுதான் முதல் வழி. எல்லாருக்கும் கமரா தேவையில்லை. ஆனால் இந்தச் சோதனை ஒரு கேள்விக்குத்தான் பதில் தரும்: எரிவுக்குக் காரணம் அமிலமா? உள்ளே தோல் எப்படி இருக்கிறது என்று குளிசை சொல்லாது.

விழுங்கச் சிக்குப்படுவது, காரணமில்லாமல் மெலிவது, இரத்த வாந்தி, கறுப்பு மலம், இரத்தச்சோகை: இவற்றில் ஒன்று இருந்தாலும் குளிசை போட்டுப் பார்த்துக் காலம் கடத்தக் கூடாது, நேரே எண்டோஸ்கோபிதான். ஆண், 50 வயதுக்கு மேல், வயிறு தள்ளிய உடம்பு, புகைத்தல், பல ஆண்டு நெஞ்செரிவு, குடும்பத்தில் பாரெட் (அமிலம் பட்டு உணவுக்குழாயின் உட்தோல் மாறிப்போகிற நோய்) என்று பலது ஒருவரிடமே சேர்ந்திருந்தால் எரிவு குறைந்திருந்தாலும் ஒரு தடவை பார்ப்பது நல்லது.

யாழ் போதனா வைத்தியசாலையில் இதைக் காசில்லாமல் செய்கிறார்கள். முறை வரக் காத்திருக்க வேண்டியிருக்கும். தனியார் வைத்தியசாலையில் காசு கட்டினால் கெதியாக முடியும். பரிசோதனை ஒன்றுதான். ஆறு மணித்தியாலமாவது சாப்பிடாமல் போக வேண்டும். தொண்டை மரக்க மருந்து அடித்து, இடப்பக்கம் சரித்துப் படுக்க வைத்து, பல்லுக்கு இடையில் வளையம் ஒன்றை வைப்பார்கள். குழாய் இறங்கும்போது ஓங்காளிக்கும். மூச்சை மூக்கால் மெதுவாக விட்டுக்கொண்டிருந்தால் சில நிமிடத்தில் முடிந்துவிடும்.

கமரா சுத்தம், குளிசையும் சரிவரவில்லை என்றால் மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது: மூக்கு வழியாக மெல்லிய வயரை இறக்கி 24 மணித்தியாலம் அமிலத்தை அளப்பது. உணவுக்குழாயில் அமிலம் இருந்த நேரம் 6 வீதத்துக்கு மேல் என்றால் நோய் உறுதி, 4 வீதத்துக்குக் கீழ் என்றால் பிரச்சினை வேறெங்கோ. சத்திரசிகிச்சை பற்றி யோசிக்கிற பலருக்கு இந்த அளவீடு இல்லாமல் முடிவெடுக்கக் கூடாது.

பாரெட் என்று அறிக்கை வந்தால்

யாழ்ப்பாணத்து வீடுகளுக்கு இந்தப் பெயர் அதிகமாக வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில்தான் வருகிறது. ஐரோப்பிய வெள்ளையரிடம் கூடவும் தெற்காசியரிடம் குறைவாகவும் காணப்படுகிற நோய் இது. என் பெரியப்பா ஒருவருக்கு லண்டனில் கண்டுபிடித்தார்கள். அவர் கேட்டது இதுதான்: "இப்ப எரிவு ஒண்டும் இல்லையடா தம்பி. பிறகேன் திரும்பத் திரும்பக் கமரா விடுறாங்கள்?" நல்ல கேள்வி. மாறிப்போன தோல் அமிலத்தைத் தாங்கும், அதனால் எரிவே குறையும் என்று சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை.

உவர் ஏறின வயலில் நெல் போய் உவரைத் தாங்கும் புல் முளைக்கிற மாதிரி, அமிலம் நெடுநாள் படுகிற இடத்தில் உணவுக்குழாயின் தட்டைச் செல்கள் போய்க் குடல் செல்கள் மாதிரியானவை வந்துவிடுகின்றன. லண்டன் சத்திரசிகிச்சை நிபுணர் நோர்மன் பாரெட் 1950 இல் இதைப் பற்றி எழுதியபோது, மேலே இழுபட்ட இரைப்பைதான் அது என்று வாதிட்டார். அது உணவுக்குழாயேதான் என்று அலிசன், ஜோன்ஸ்டன் என்ற இரண்டு வைத்தியர்கள் 1953 இல் காட்டினார்கள். பாரெட்டும் 1957 இல் அதை ஏற்றுக்கொண்டார்.

இந்த மாற்றத்திலிருந்து புற்றுநோய் வரலாம் என்பதால்தான் பயம். பயத்தின் அளவை அறிக்கையில் ஒரே ஒரு வரி தீர்மானிக்கிறது: டிஸ்பிளேசியா, அதாவது செல் உருக்குலைவு, இருக்கிறதா இல்லையா. இல்லை என்றால் ஆண்டுக்கு 1000 பேரில் ஏறத்தாழ 1 முதல் 3 பேருக்குத்தான் புற்றுநோயாக மாறும். உயர்தர உருக்குலைவு என்றால் 100 பேரில் 6, 7 பேர். இரண்டையும் ஒரே பெயரால் அழைத்து ஒரே அளவு அழுவதில் அர்த்தமில்லை.

உருக்குலைவு இல்லாதவருக்கு இரண்டு வழிகளை ஒப்பிடலாம்: தினமும் குளிசை போட்டுக்கொண்டு கண்காணிப்பது, அல்லது அந்தத் தோலைச் சுட்டு எடுப்பது. இங்கே எனக்குத் தயக்கமே இல்லை, கண்காணிப்புத்தான். மாறின பகுதி 3 சென்டிமீற்றருக்குக் குறைவென்றால் ஏறத்தாழ 5 ஆண்டுக்கு ஒருமுறை, கூட என்றால் 3 ஆண்டுக்கு ஒருமுறை கமரா. ஒவ்வொரு 2 சென்டிமீற்றருக்கும் நான்கு பக்கமும் சதைத்துண்டு எடுக்க வேண்டும். ஒரே ஒரு துண்டு எடுத்துவிட்டு "பிரச்சினையில்லை" என்றால் அது கண்காணிப்பு ஆகாது.

உருக்குலைவு இருந்தால் தராசு மறுபக்கம் சாயும். முதலில் இன்னொரு நோயியல் நிபுணர் அதே துண்டைப் பார்த்து உறுதிப்படுத்த வேண்டும், ஏனென்றால் அழற்சியும் உருக்குலைவு மாதிரித் தோன்றும். உறுதியானால், மேடாகத் தெரியும் இடத்தைக் கமரா வழியாகவே வெட்டி எடுத்து, மிச்சத்தை ரேடியோ அலை வெப்பத்தால் சுடுவார்கள். குறைந்ததர உருக்குலைவு உள்ளவர்களை வைத்து ஐரோப்பாவில் செய்து 2014 இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று ஆண்டுக்குள் உயர்தர உருக்குலைவுக்கோ புற்றுநோய்க்கோ போனவர்கள் கண்காணிப்பில் 26.5 வீதம், சுட்டவர்களில் 1.5 வீதம். சுட்ட இடம் சுருங்கி விழுங்கச் சிரமம் வருவது சிலருக்கு உண்டு, அதை விரித்துவிடலாம். ஒரு காலத்தில் இதே நிலைக்கு உணவுக்குழாயையே வெட்டி எடுத்தார்கள். இன்று அந்தப் பெரிய சத்திரசிகிச்சை ஆழமாக இறங்கிய புற்றுநோய்க்குத்தான்.

வாழ்நாள் குளிசையா, ஒரு நாள் கத்தியா

இரைப்பையின் மேற்பகுதியை உணவுக்குழாயின் அடியில் சுற்றித் தைக்கிற சத்திரசிகிச்சையை ருடோல்ப் நிசன் 1950களில் கொண்டுவந்தார். இப்போது சிறு துளை வழியாகச் செய்கிறார்கள். பெரிய ஹையாட்டல் ஹேர்னியா (இரைப்பையின் மேற்பகுதி நெஞ்சுக்குள் ஏறுவது) உள்ளவர், குளிசையில் எரிவு நின்றும் சாப்பாடு தொண்டைக்கு வருகிறவர், மருந்து ஒத்துக்கொள்ளாதவர் ஆகியோருக்கு இது நல்ல வழி. ஏப்பம் விட முடியாமை, வயிறு ஊதல், விழுங்கச் சிரமம் பின்னால் வரலாம். சில ஆண்டில் பலர் திரும்பக் குளிசைக்கே வருகிறார்கள். புற்றுநோயைத் தடுப்பதில் குளிசையைவிட மேல் என்று நிரூபணமாகவில்லை. அதனால் "பாரெட்டுக்காக" மட்டும் இதைச் செய்யச் சொன்னால் இன்னொரு வைத்தியரிடமும் கேளுங்கள்.

எந்த வழியானாலும் வீட்டில் செய்ய வேண்டியவை உண்டு. இரவுப் புட்டை எட்டரைக்குச் சாப்பிட்டு ஒன்பதுக்குப் படுப்பதை விட்டு, மூன்று மணித்தியாலம் இடைவெளி வைக்க வேண்டும். கட்டிலின் தலைமாட்டுக் காலுக்குக் கீழ் 15 சென்டிமீற்றர் மரக்கட்டை வைக்க வேண்டும். தலையணையை அடுக்கினால் வயிறுதான் மடியும். இடப்பக்கம் படுப்பது உதவும். தோட்டக்காரர் சாப்பிட்ட கையோடு குனிந்து வெங்காயத்துக்குக் களை பிடுங்கினால் எரிவு வரத்தான் செய்யும். உறைப்பு எல்லாருக்கும் எதிரி இல்லை, தனக்கு எது எரிக்கிறதோ அதை மட்டும் விட்டால் போதும். வயிற்றுக் கொழுப்பைக் குறைப்பதுதான் இவற்றில் பலன் கூடியது.

பாரெட்டைப் பற்றி இவ்வளவு கதைத்தாலும், நம் மண்ணில் உணவுக்குழாய்ப் புற்றுநோயில் கூடுதலானது அந்த வகை இல்லை. புகையிலை, வெற்றிலை பாக்கு, மது ஆகியவற்றோடு சேர்ந்து தட்டைச் செல்லில் வருகிற வகைதான் இங்கே கூட. அதற்கு நெஞ்செரிவு முன்னறிவிப்புத் தராது. ஒமெப்ரசோல் அதைத் தடுக்காது. சுருட்டும் வெற்றிலையும் பழகின அம்மம்மாவோ அப்புவோ சோறு இறங்க மாட்டேன் என்கிறது என்று கஞ்சிக்கு மாறினால், வயசு போனால் அப்படித்தான் என்று விட வேண்டாம். அந்தக் கிழமையே கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போய், எத்தனை நாளாக இறங்கவில்லை, எத்தனை கிலோ குறைந்தது, புகையிலை எத்தனை ஆண்டு என்று மூன்றையும் வைத்தியரிடம் சொல்லி, கமரா விடச் சொல்லிக் கேளுங்கள்.