மெய்டன் காசில்: நடந்து படிக்க வேண்டிய மண்கோட்டை

இங்கிலாந்தின் தென்பகுதியில், டார்செட்டில் உள்ள டார்செஸ்டர் நகரை ஒட்டி அமைந்திருக்கும் மெய்டன் காசில் என்னும் பழங்கால மண்கோட்டைக்கு நான் இரண்டு முறை சென்று வந்திருக்கிறேன். முதல் முறை கோடை நண்பகலில் சென்று, நேராக உச்சிக்கு ஏறி, புல்வெளியையும் ஆடுகளையும் பார்த்துவிட்டு ஏமாற்றத்தோடு இறங்கினேன். இரண்டாம் முறை இலையுதிர் காலத்தின் பிற்பகலில் சென்றபோது, சாய்ந்த வெயிலில் ஒவ்வொரு அகழியும் நிழலால் நிரம்பி, கரைகளின் முகடுகள் தனித்தனியே எழுந்து நின்றன. இருட்டும்வரை அங்கிருந்து கிளம்ப மனம் வரவில்லை. பெயரில் உள்ள ‘காசில்’ என்ற சொல்லை நம்பிக் கல்மதிலையும் கோபுரத்தையும் தேடுபவர்களுக்கு இங்கே ஒன்றும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வண்டி நிறுத்துமிடத்திலிருந்து மேலேறும் பாதை மேற்கு வாசலுக்குக் கொண்டு சேர்க்கிறது. இந்த இடத்தின் உயிர்நாடி இந்த வாசல்தான் என்பது என் கருத்து. ஒன்றன் முன் ஒன்றாகக் குறுக்கே நிற்கும் மண்கரைகளுக்கு இடையே பாதை இடமும் வலமுமாக வளைந்து செல்வதால், உள்ளே வருபவருக்கு அடுத்த திருப்பம் தெரிவதில்லை. மேலே நிற்பவருக்கோ வருபவரின் ஒவ்வொரு அடியும் தெரியும். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று அண்ணாந்து பார்த்தபடி மெதுவாக நடந்தால், இதைத் திட்டமிட்டவர்களின் கூர்மை விளக்கப்பலகை இல்லாமலே புரியும். கிழக்கு வாசலில் நடந்த அகழாய்வில் 20,000-க்கும் மேற்பட்ட கவண்கற்கள் குவியலாகக் கிடைத்தன. உள்ளங்கையில் அடங்கும் அந்த வழவழப்பான கூழாங்கற்கள், தெற்கே உள்ள செசில் கடற்கரையிலிருந்து பொறுக்கிக் கொண்டுவரப்பட்டவை. தினைப்புனத்தில் கிளி ஓட்டும் கவணை மட்டுமே அறிந்திருந்த எனக்கு, அதே கருவி ஒரு கோட்டையின் முதன்மையான படைக்கலமாக இருந்தது என்பது பெரிய வியப்பாக இருந்தது.

உள்ளே ஏறக்குறைய 19 ஹெக்டேர் பரப்பு விரிந்து கிடக்கிறது. இதன் கிழக்குப் பகுதியில் பொ.ஆ.மு. 3600 வாக்கில் புதிய கற்கால மக்கள் இடைவெளி விட்டு விட்டுப் பள்ளங்கள் தோண்டி ஓர் அடைப்பை உருவாக்கினார்கள். அது கைவிடப்பட்ட பின், அதன்மேல் 546 மீட்டர் நீளத்துக்கு ஒரு மண்மேடு எழுப்பப்பட்டது. அதற்கும் வெகுகாலம் கழித்து, பொ.ஆ.மு. 600 வாக்கில்தான் முதல் இரும்புக்காலக் கோட்டை வந்தது, பொ.ஆ.மு. 450 வாக்கில் அது மேற்கே விரிவாக்கப்பட்டு, பிறகு கூடுதல் கரைகளையும் அகழிகளையும் பெற்றது. நீண்ட மண்மேடு இன்று புல்லுக்கடியில் மெல்லிய புடைப்பாக மட்டுமே எஞ்சியிருக்கிறது. குனிந்து, கண்ணைத் தரையோடு சேர்த்து வைத்துப் பார்த்தால் ஒழிய அது பிடிபடாது.

ஓர் இடத்தில் ஆடுகளின் குளம்புபட்டுப் புல் பெயர்ந்து, அடியிலிருந்த சுண்ணாம்புப்பாறை வெளேரென்று தெரிந்தது. இன்று பச்சையாகத் தெரியும் இந்தக் கரைகள் புதிதாக எழுந்தபோது எத்தனை வெண்மையாக, எவ்வளவு தொலைவுக்குத் தெரிந்திருக்கும் என்று அங்கேயே நின்று நெடுநேரம் எண்ணிப் பார்த்தேன்.

என் மனக்குறை இந்த இடத்தின் கதை சொல்லப்படும் விதத்தைப் பற்றியது. 1934 முதல் 1937 வரை இங்கே அகழாய்வு நடத்திய மார்ட்டிமர் வீலர், கிழக்கு வாசல் அருகே கிடைத்த எலும்புக்கூடுகளை, ரோமானியப் படை கோட்டையைத் தாக்கியபோது மாண்டவர்களுடையவை என்று விளக்கினார். அந்தப் புதைப்புகள் ஒரே நாளில் நிகழ்ந்தவை அல்ல என்று பின்னர் வந்த ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஆனால் நான் வாங்கிப் படித்த ஒரு சிறு வழிகாட்டி நூல், பழைய போர்க்கதையை ஐயமே இல்லாததுபோல் திரும்பச் சொல்கிறது. இவ்வளவு உழைப்பில் எழுந்த ஓரிடத்தை ஒரு தோல்வியின் களமாக மட்டும் நினைவில் வைப்பது எனக்கு உடன்பாடில்லை. முதுகெலும்பில் இரும்பு ஆயுதமுனை தைத்த எலும்புக்கூடு டார்செஸ்டரில் உள்ள டார்செட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதைப் பார்த்த பிறகு கோட்டைக்குச் செல்வதைவிட, கோட்டையைச் சுற்றி வந்த பிறகு அதைப் பார்ப்பதே நல்லது.

அனுமதிக் கட்டணம் இல்லை. உச்சியில் காற்றுக்கும் மழைக்கும் ஒதுங்க இடமில்லை. சரிவுகள் ஈரத்தில் வழுக்கும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இந்த ஏற்றம் கடினம். கரைகளின் சரிவில் குறுக்கே ஏறி இறங்கினால் மண் அரித்துப்போகும் என்பதால், போடப்பட்ட தடத்தில் மட்டும் நடக்க வேண்டும். இரண்டு மூன்று மணி நேரமாவது ஒதுக்கிக்கொண்டு, வெளிக்கரையின் வழியே முழுச் சுற்றும் நடந்து, கிழக்கு வாசலையும் அதற்கு அருகே உள்ள நான்காம் நூற்றாண்டு ரோமானியக் கோயிலின் அடித்தளத்தையும் பார்த்த பிறகு திரும்புங்கள்.