நடுவில் எல்லாம் ஒன்றுதான்: ஏழு ஆண்டுகள், ஒன்பது ஐபீஸ்கள்

என்னிடம் இருப்பது 8 அங்குல டாப்சோனியன், அதாவது ஆடி வைத்த, கையால் தள்ளித் திருப்பும் எளிய தொலைநோக்கி. குவியத் தொலைவு 1200 மி.மீ.; ஆடியின் விட்டத்தைப் போல ஆறு மடங்கு, அதாவது எஃப்/6. வாங்கியபோது பெட்டிக்குள் 25 மி.மீ., 10 மி.மீ. என இரண்டு ஐபீஸ்கள் (கண் வைத்துப் பார்க்கும் லென்சுகள்) இருந்தன. இந்த ஏழு ஆண்டுகளில் அவற்றோடு இன்னும் ஏழு சேர்ந்துவிட்டன. அவற்றில் ஒன்றின் விலை தொலைநோக்கியின் விலையில் பாதியைத் தாண்டியது. "விலை கூடிய ஐபீஸ் வாங்கலாமா, மலிவானதே போதுமா?" என்று யாராவது கேட்டால் முன்பெல்லாம் உடனே பதில் சொல்லிவிடுவேன். இப்போது "உங்கள் தொலைநோக்கி எஃப் எத்தனை? கண்ணாடி போடுவீர்களா? கையால் தள்ளிப் பார்க்கிறீர்களா, மோட்டார் இருக்கிறதா?" என்று திருப்பிக் கேட்கிறேன். இந்த மூன்றும் தெரியாமல் சொல்லும் எந்தப் பதிலும் பணத்தை வீணாக்கும்.

முதலில் ஒரு தவறைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதே தவறைப் பலரும் செய்வதைப் பார்க்கிறேன். முதல் மாதத்தில் 10 மி.மீ. ஐபீஸில் வியாழன் மங்கலாக, தண்ணீருக்கடியில் கிடப்பது போல நடுங்கிக்கொண்டு தெரிந்தது. இலவசமாகக் கொடுத்த ஐபீஸ் மட்டமானது என்று முடிவு கட்டி, 9 மி.மீ.யில் ஒன்று வாங்கினேன். அதிலும் வியாழன் அப்படியேதான் இருந்தது. கோளாறு ஐபீஸில் இல்லை. தொலைநோக்கியை வீட்டுக்குள்ளிருந்து எடுத்து வந்து ஐந்து நிமிடத்தில் கண் வைத்தால் பெரிய ஆடி இன்னும் சூடாகவே இருக்கும். அதன் மேல் எழும் வெப்பக் காற்றே பிம்பத்தைக் குலைத்துவிடும். ஆடிகளும் நேராக அமைந்திருக்கவில்லை. ஒரு மணி நேரம் வெளியில் ஆற விட்டு, ஆடிகளை நேர்ப்படுத்திவிட்டுப் பார்த்தபோது, நான் மட்டம் என்று ஒதுக்கிய அதே 10 மி.மீ.யில் வியாழனின் இரண்டு பட்டைகளும் கோடு போட்டது போலத் தெரிந்தன. இந்த இரண்டையும் சரிசெய்யாதவர் ஐபீஸ் வாங்கக் கிளம்பவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அடுத்து, பலரும் நம்ப மறுக்கும் ஒன்று. என்னிடம் 6 மி.மீ.யில் இரண்டு ஐபீஸ்கள் இருக்கின்றன. ஒன்று, தங்க நிற வளையம் போட்டுப் பல பெயர்களில் விற்கப்படும், 66 பாகை அகலக் காட்சி தரும் மலிவு ஐபீஸ். மற்றொன்று விலை உயர்ந்த டெலி வியூ டெலோஸ், 72 பாகை. இரண்டும் என் தொலைநோக்கியில் 200 மடங்கு (1200ஐ 6ஆல் வகுத்தால் வருவது) உருப்பெருக்கம் தருபவை. ஒரே இரவில், அடுத்தடுத்து மாற்றி மாற்றி எப்சிலான் லைரேவைப் பார்த்தேன். அது இரட்டையின் இரட்டை: இரண்டு விண்மீன்களாகத் தெரிவதில் ஒவ்வொன்றும் மறுபடி இரண்டாகப் பிரியும், நடுவே ஏறத்தாழ 2.3 வில்விநாடி இடைவெளி (ஒரு பாகையில் 3600இல் ஒரு பங்குதான் ஒரு வில்விநாடி). புலத்தின், அதாவது ஐபீஸில் தெரியும் வட்டத்தின், நடுவில் வைத்துப் பார்த்தபோது இரண்டு ஐபீஸ்களிலும் நான்கு விண்மீன்களும் சுத்தமாகப் பிரிந்தன. இடையில் அதே கறுப்புக் கோடு. எந்த ஐபீஸ் மாட்டியிருக்கிறது என்று சொல்லாமல் நண்பரைப் பார்க்கச் சொன்னேன். அவராலும் சொல்ல முடியவில்லை. ஓரியன் நெபுலாவின் நடுவே உள்ள ட்ரபீசியம் என்ற சிறு விண்மீன் கூட்டத்தின் ஐந்தாவது, ஆறாவது விண்மீன்களும் அப்படித்தான்: காற்று அமைதியான இரவில் இரண்டிலும் தெரிந்தன, அமைதியற்ற இரவில் இரண்டிலும் தெரியவில்லை.

அப்படியானால் கூடுதல் பணம் எதற்கு? ஓரத்துக்கு. கண்ணின் சுகத்துக்கு.

ஓரம் என்றால் என்னவென்று எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு 30 மி.மீ., 2 அங்குல, 80 பாகை மலிவு ஐபீஸ். கார்த்திகை விண்மீன் கூட்டத்தை முழுதாக ஒரே பார்வையில் அள்ள வேண்டும் என்ற ஆசையில் வாங்கியது. 32 மி.மீ. ப்ளாசல் என்ற எளிய வகை ஐபீஸில் எனக்குக் கிடைப்பது வானில் 1.3 பாகை அகலம்; இதில் 2 பாகை. கணக்கு சரிதான், கூட்டம் முழுவதும் உள்ளே வந்தது. ஆனால் நடுவிலிருந்து பாதி தூரம் போனதுமே விண்மீன்கள் புள்ளியாக இல்லை. சிறகு விரித்த சிறு பறவைகளாக மாறின. விளிம்புக்குப் பக்கத்தில் ஒவ்வொன்றும் இரண்டு சிறகும் நன்றாக நீண்டு நின்றது. மனம் விட்டுப் போயிற்று.

அதே ஐபீஸை நண்பரின் எஃப்/11 ஒளிவிலகல் தொலைநோக்கியில் மாட்டியபோது பறவைகள் பெரும்பாலும் காணாமல் போயின. ஐபீஸ் அதேதான், விண்மீன்களும் அவையேதான். எஃப்/6 ஆடியிலிருந்து வரும் ஒளிக்கூம்பு ஏறத்தாழ 9.5 பாகை அகலமாகச் சரிந்து வருகிறது. எஃப்/11இல் அது 5 பாகைதான். சாய்வாக வரும் கதிர்களைப் புலத்தின் ஓரத்தில் ஒரே புள்ளியில் சேர்ப்பதுதான் ஐபீஸ் வடிவமைப்பில் கடினமான வேலை. விலை உயர்ந்தவற்றில் கூடுதல் லென்சுகளும் அரிய வகைக் கண்ணாடியும் அதற்காகவே சேர்க்கப்படுகின்றன. எனவே எஃப்/10, எஃப்/12 தொலைநோக்கி வைத்திருப்பவர்களுக்கு மலிவு ஐபீஸே கிட்டத்தட்ட உயர்தரமானது போல நடந்துகொள்ளும். எஃப்/5 வைத்திருப்பவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஐபீஸுக்கு முன்னால் மாட்டிக் குவியத் தொலைவை நீட்டும் நல்ல பார்லோ லென்ஸ் ஒன்று இங்கே உதவும்: இரண்டு மடங்கு பார்லோ என் எஃப்/6ஐ எஃப்/12 ஆக்கிவிடுகிறது, தங்க வளைய 9 மி.மீ.யின் ஓரம் அதோடு மாட்டும்போது கண்கூடாகச் சீராகிறது.

ஓரத்தில் தெரியும் எல்லாக் குறையும் ஐபீஸுடையது அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். பரவளைய ஆடிக்கே கோமா என்ற பிழை உண்டு. பிரித்தறிய எளிய வழி இருக்கிறது. ஓர விண்மீன் ஒன்றைப் பார்த்துக்கொண்டே பிம்பத்தைக் கூர்மையாக்கும் திருகான ஃபோகசரை மெதுவாக முன்னும் பின்னும் திருப்புங்கள். விண்மீன் ஒரு பக்கம் கோடாக நீண்டு, மறுபக்கம் திருப்பும்போது அந்தக் கோடு குறுக்காகத் திரும்பினால் அது ஆஸ்டிக்மாட்டிசம். பழி பெரும்பாலும் ஐபீஸுக்கு. நடுவுக்கு எதிர்ப்புறமாக வால் விரித்த சிறு வால்மீன் போலவே இருந்தால் அது ஆடியின் கோமா. எவ்வளவு விலை கொடுத்து ஐபீஸ் வாங்கினாலும் போகாது. அதற்குத் தனித் திருத்தி லென்ஸ் வேண்டும்.

நான்காம் ஆண்டில் 13 மி.மீ. நாக்லர் வந்தது. 82 பாகைப் புலம். அதை வடிவமைத்த அல் நாக்லர், தன் டெலி வியூ நிறுவனத்தைத் தொடங்குவதற்கு முன், அப்போலோ விண்வெளி வீரர்கள் நிலவில் இறங்கப் பயிற்சி எடுத்த சிமுலேட்டர்களுக்கான ஒளியியலில் வேலை செய்தவர். ஜன்னல் வழியே பார்ப்பது போன்ற அகன்ற காட்சியை அங்கே உருவாக்கிய அனுபவம்தான் பின்னர் 1980களின் தொடக்கத்தில் 82 பாகை ஐபீஸாக வந்தது. வரலாறாகப் படித்தபோது எனக்கு அது பெரிதாகப் படவில்லை. ஒமேகா செண்டாரியை அதில் பார்த்த இரவில்தான் புரிந்தது. விண்மீன்கள் பந்து போல நெருங்கிய அந்தக் கோளக் கொத்து வானில் முழுநிலவை விடச் சற்றுப் பெரியது. இதே 92 மடங்கில் 50 பாகை ப்ளாசல் காட்டுவது சுமார் அரைப் பாகை. கொத்து புலத்தை அடைத்துக்கொண்டு நிற்கும், அது எங்கே முடிகிறது என்றே தெரியாது. நாக்லரில் ஏறத்தாழ 0.9 பாகை. ஆயிரக்கணக்கான மணல் துகள்கள் நடுவில் குவிந்து, ஓரங்களில் ஒவ்வொன்றாகச் சிதறி, அதற்கப்பால் இருண்ட வானம். அந்த இருட்டு தெரிந்தால்தான் கொத்து கொத்தாகத் தெரிகிறது. விலையைப் பற்றி அன்று முதல் நான் வருந்தியதில்லை.

கோள்களைப் பொறுத்தவரை அகன்ற புலம் வேறு விதத்தில் உதவுகிறது. என் தொலைநோக்கியில் மோட்டார் இல்லை. பூமி சுழலச் சுழல, வான நடுக்கோட்டுக்கு அருகில் உள்ள கோள் விநாடிக்கு 15 வில்விநாடி வீதம் நகர்ந்துபோகும். 200 மடங்கில் 50 பாகை ஐபீஸ் என்றால் ஒரு நிமிடத்தில் சனி புலத்தைக் கடந்துவிடும். டெலோஸில் ஏறத்தாழ 86 விநாடி. எண்ணில் வேறுபாடு சிறிதுதான். ஆனால் டெலோஸில் அந்த 86 விநாடியும் சனி கூர்மையாகவே இருக்கிறது; மலிவு ஐபீஸில் நடுப்பகுதியைத் தாண்டியதும் மறுபடி தள்ள வேண்டியிருக்கிறது. தள்ளியதும் குழாய் அதிரும், அடங்க இரண்டு மூன்று விநாடி. நுணுக்கமான விவரங்கள் கண்ணுக்குப் பிடிபடுவது கை தொடாத அந்த நீண்ட விநாடிகளில்தான்.

கண் சுகம் என்பது இன்னும் முக்கியம் என்று இப்போது நினைக்கிறேன். ப்ளாசலில் கண் வைக்க வேண்டிய தூரம் அதன் குவியத் தொலைவில் முக்கால் பங்கு அளவுக்குத்தான் இருக்கும். 32 மி.மீ.யில் தாராளம். என் 6.3 மி.மீ. ப்ளாசலில் 5 மி.மீ.க்கும் குறைவு. கண்ணிமை மயிர் லென்சில் உரசும். அதிலுள்ள எண்ணெய் பிசுக்கு அந்த லென்சில் பிறை வடிவில் ஒட்டிக்கொள்ளும். அரை மணி நேரத்தில் செவ்வாயைச் சுற்றி ஒரு மூட்டம். டெலோஸில் 20 மி.மீ. இடைவெளி, கழுத்தும் நெற்றியும் தளர்ந்து, ஒரே கோளை ஒரு மணி நேரம் பார்க்க முடிகிறது.

கண்ணாடி அணிபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எனக்குக் கண்ணில் ஆஸ்டிக்மாட்டிசம் உண்டு. உருப்பெருக்கம் அதிகமானால்தான் கண்ணாடி தேவைப்படும் என்று நினைத்திருந்தேன், நடப்பது நேர்மாறு. 6 மி.மீ.யில் வெளிவரும் ஒளிக்கற்றையின் விட்டம் 1 மி.மீ.தான். கண்ணின் நடுவில் சிறு பகுதியை மட்டும் அது பயன்படுத்துவதால் குறை தெரிவதில்லை, கண்ணாடியைக் கழற்றிவிடலாம். 32 மி.மீ.யில் அந்த விட்டம் 5 மி.மீ.க்கு மேல்; கண்ணாடி இல்லாவிட்டால் விண்மீன்கள் முள் முளைத்துத் தெரியும்.

ஏழு ஆண்டுப் புழக்கத்தில் தேய்மானமும் தெரிகிறது. மலிவு ஐபீஸ்களில் இரண்டின் ரப்பர் கண் மூடி இறுகி வெடித்துவிட்டது. ஒன்றில் வியாழனைப் பார்க்கும்போது எதிர்ப்பக்கமாக நகரும் மங்கிய போலி பிம்பம் முதல் நாளிலிருந்தே இருந்தது. ஈரக் காலத்தில் 9 மி.மீ.யின் உள் லென்சில் பூஞ்சை இழை ஓடியது. உலர வைக்காமல் பெட்டியில் மூடியது என் தவறு, உயர்தர ஐபீஸாக இருந்தாலும் அதே கதிதான் நேர்ந்திருக்கும். இப்போது பார்த்து முடித்ததும் மூடியைத் திறந்து வைத்து உலர்த்திய பின்பே, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பெட்டியில் வைக்கிறேன்.

ஒன்பதில் இன்று புழங்குபவை நான்கு: 32 மி.மீ. ப்ளாசல், பெட்டியோடு வந்த 25 மி.மீ., நாக்லர், டெலோஸ். இரண்டு மலிவு, இரண்டு உயர்தரம். புதிதாகத் தொடங்குபவர் முதல் ஆண்டு முழுவதும் கையில் இருப்பதோடு ஒரு பார்லோவை மட்டும் சேர்த்துக்கொண்டு பார்க்கட்டும். எந்த இடத்தில் மனம் முட்டிக்கொள்கிறது என்பது அதற்குள் தெரிந்துவிடும். பணத்தை அந்த இடத்தில் போடலாம்.

அந்த 25 மி.மீ.யை ஏன் இன்னும் வைத்திருக்கிறேன் என்று கேட்கிறார்கள். அகன்ற புல ஐபீஸில் கண்ணைச் சரியான இடத்தில் வைக்காவிட்டால் கறுப்பு நிழல் புலத்தை மறைத்துக்கொண்டே இருக்கும். பழக்கமில்லாதவர்கள் தடுமாறிப் போவார்கள். முதன்முறையாகப் பார்க்க வந்த அத்தை நாக்லரில் இரண்டு நிமிடம் தலையை ஆட்டி ஆட்டிப் பார்த்துவிட்டு, "ஒன்றும் தெரியவில்லையே அப்பா" என்றார். 25 மி.மீ.யை மாற்றி மாட்டினேன். குனிந்தவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, கண்ணை எடுக்காமலே, "வளையம் தனியாக நிற்கிறதே, ஒட்டவே இல்லையே" என்றார்.