தென்கச்சியின் 'இன்று ஒரு தகவல்' ஒலித்தொகுப்புகள்: எதைக் கேட்கலாம், எதை ஒதுக்கலாம்

தென்கச்சி கோ. சுவாமிநாதன் 2009 செப்டம்பரில் காலமானார். அவர் குரலுக்கு இன்னும் கிராக்கி குறையவில்லை. வானொலியில் அவர் பேசிய 'இன்று ஒரு தகவல்' நிகழ்ச்சி எம்பி3 தட்டு, பென் டிரைவ், யூடியூப் என்று பல வடிவில் சுற்றுகிறது. பேச்சு எல்லாவற்றிலும் ஒன்றுதான், ஒலித்தரத்தில் மட்டும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

எதை வைத்துத் தரம் பார்ப்பது? அவர் பேசும் முறையை வைத்துத்தான். அரியலூர் மாவட்டத்துத் தென்கச்சிப்பெருமாள்நத்தத்துக்காரர், வேளாண்மைப் பட்டதாரி. 1977இல் நெல்லை வானொலிக்கு வந்து, பிறகு சென்னைக்கு மாறி, 1988இல் இந்த நிகழ்ச்சியைத் தொடங்கினார். 2002இல் ஓய்வு பெற்றார். வயலில் நின்றபடி கேட்கும் ஆளுக்கு இரண்டாம் முறை கேட்க வழி கிடையாது. வானொலியில் வேளாண்மை பேசுகிறவருக்கு இது முதல் பாடம். சின்னச் சின்ன வாக்கியம், முக்கியமான சொல்லை இன்னொரு தடவை சொல்வது, கிளைக்கதையிலிருந்து நேராக விஷயத்துக்குத் திரும்புவது எல்லாம் அந்தப் பழக்கம்தான்.

சுமார் ஐந்து நிமிடப் பேச்சு. ஒரு கருத்தில் ஆரம்பிப்பார், அதற்கு ஒரு கதை வரும், கதைக்குள் இன்னொரு ஆள் வந்து பேசுவார். கடைசியில் ஒரு நகைச்சுவை, பல நேரம் அதுவரை சொன்ன அறிவுரையையே லேசாகக் காலை வாரிவிடும். அதற்காகக் குரலை ஏற்றமாட்டார், தானும் சிரிக்கமாட்டார். ஒரு நிறுத்தம், பிறகு அதே மட்டத்தில் அந்தக் கடைசி வரி, அவ்வளவுதான். அந்த நிறுத்தத்தைத் தொகுப்பு விட்டுவைத்திருக்கிறதா என்பதுதான் முதல் சோதனை.

பெரும்பாலான தொகுப்புகள் இதில்தான் கோட்டை விடுகின்றன. இரைச்சலை நீக்குகிறேன் என்று மென்பொருளை அளவுக்கு மீறி ஓட்டினால் மௌனம் இருக்கும் இடத்தில் எல்லாம் அறுந்துபோய், குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல் ஆகிவிடும். கேசட் இரைச்சல் கொஞ்சம் இருக்கும் பதிவே மேல். இன்னும் மோசம், பேச்சுக்கு அடியில் புல்லாங்குழலை ஓடவிடுவது. அவர் நிறுத்தும் இடத்தில் குழல் மேலெழுந்து நகைச்சுவையை விழுங்கிவிடும். அப்படிப்பட்டவற்றை யோசிக்காமல் ஒதுக்குங்கள்.

குரல் கீச்சென்று, பேச்சு அவசரமாக இருந்தால் கோளாறு கேசட்டில். பேட்டரி இறங்கிய டேப் ரிக்கார்டரில், அதாவது நாடா மெதுவாக ஓடும்போது பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் இப்படித்தான் வரும். ஆடாசிட்டி என்ற ஒலித்திருத்த மென்பொருளில் 'சேஞ்ச் ஸ்பீட்' (புதிய பதிப்புகளில் 'சேஞ்ச் ஸ்பீட் அண்ட் பிட்ச்') எடுத்து 3 அல்லது 4 சதவீதம் குறைத்துப் பாருங்கள். 'சேஞ்ச் டெம்போ' வேண்டாம், அது வேகத்தை மட்டும் மாற்றும், சுருதி அப்படியே நிற்கும். ஒரே சீரான 'உம்ம்' ஒலி இருந்தால் அது மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ். 50, 100 இரண்டிலும் நாட்ச் ஃபில்டர், அதாவது அந்த ஓர் அலைவரிசையை மட்டும் வெட்டும் வடிகட்டி, போட்டால் போதும்.

'ஹெச்டி ஆடியோ', 320 கேபிபிஎஸ் (நொடிக்கு இத்தனை கிலோபிட்) என்று விளம்பரம் செய்கிற தொகுப்புக்குக் கூடுதல் காசு தண்டம். மத்திய அலை (மீடியம் வேவ்) வானொலியில் வந்ததை வீட்டில் கேசட்டில் பிடித்த பதிவில் மேல்ஸ்தாயி ஒலி முதலிலேயே கிடையாது. 64 கேபிபிஎஸ் மோனோ, அதாவது ஒற்றைத் தடம், தாராளம். ஐந்து நிமிடப் பேச்சு ஏறத்தாழ 2.4 எம்பிதான் வரும்.

கேட்கும் செயலியிலும் ஒரு வேலை இருக்கிறது. பாட்காஸ்ட் செயலிகளில் மௌனத்தைத் தாவிப் போகும் 'ஸ்கிப் சைலன்ஸ்' என்று ஒன்று உண்டு, அதை அணைத்துவிடுங்கள். ஒன்றேகால் மடங்கு வேகமும் வேண்டாம். செய்திக்கு அது சரி, இவருக்குச் சரிப்படாது.

சன் டிவியில் வந்த 'இந்த நாள் இனிய நாள்' துண்டுகளும் கிடைக்கின்றன. ஒலி இவற்றில் தெளிவு, குறை சொல்ல இடமில்லை. ஆனால் முகம் தெரிவதால் நகைச்சுவை வரப்போகிறது என்று ஒரு விநாடி முன்பே பிடிபட்டுவிடுகிறது. வானொலிப் பதிவுக்குத்தான் முதலிடம். புத்தக வடிவம் அதற்கும் அடுத்ததுதான். பேச்சு நடையை அச்சில் படிக்கும்போது, திரும்பத் திரும்பச் சொன்னது வெறும் நீட்டலாகத் தெரியும்.

மிமிக்ரி கலைஞர்கள் பேசியதை அசல் என்று போட்டுவிடுவதும் உண்டு. கடைசி வரியில் குரல் குழைந்தாலோ சிரிப்பு கலந்தாலோ சந்தேகப்படுங்கள்.

வீட்டுப் பெரியவர்களுக்குப் பென் டிரைவில் போட்டுக் கொடுப்பதானால் அதை ஃபேட்32இல் ஃபார்மேட் செய்யுங்கள். கோப்புப் பெயரை 001, 002 என்று எண்ணில் தொடங்குங்கள். தமிழ்ப் பெயரைப் பல யூஎஸ்பி ரேடியோக்கள் கட்டம் கட்டமாகத்தான் காட்டும். சிலவற்றில் கோப்பு ஏறிய வரிசையிலேயே பாடும், ஆகவே எல்லாவற்றையும் ஒரே மூச்சில் இழுத்துப் போடாமல் வரிசைப்படி ஏற்றுங்கள்.