பிரைலாக்ஸ் கிரீம்: ஊசி வலிக்கு நல்லது, அவசரத்துக்கு ஆகாது

எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கு முன் கையில் வேன்ஃப்ளான் (ரத்தக்குழாயில் செருகும் மெல்லிய குழாய்) போடவேண்டிய குழந்தைக்கு இந்த மரப்பு கிரீம் நிச்சயம் உதவும். லிக்னோகைன் 2.5%, பிரைலோகைன் 2.5% கலந்தது. தேய்க்கக் கூடாது, புறங்கையில் கெட்டியாக வைத்து, ஒளிபுகும் பிளாஸ்டரால் 60 நிமிடம் மூடவேண்டும். கால் மணியில் துடைத்துவிட்டு மருந்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

உண்மையான குறை வேறு: தோல் வெளுத்து ரத்தக்குழாய் சுருங்குவதால் ஊசி ஏற்றுவது சிரமமாகலாம். ஊசிக்கு 10 நிமிடம் முன்பே துடைத்துவிட்டால் ஓரளவு சரியாகும். முதல் கையில் ரத்தக்குழாய் கிடைக்காமலும் போகலாம். இரு கையிலும் போடலாமா என்று நர்ஸிடம் கேளுங்கள். பிளாஸ்டரைப் பிய்க்கும்போதுதான் சில பிள்ளைகள் ஊரைக் கூட்டும். ஓரத்தை நனைத்து உரியுங்கள்.

கைக்குழந்தைக்கு அளவு மீறினால் ரத்தம் ஆக்சிஜன் சுமப்பது குறையும். 3 மாதத்துக்குட்பட்டவர்களுக்கு உச்சம் 1 கிராம், அதுவும் டாக்டர் சொன்னால் மட்டும்.